கல் நகரமும் ஒழுகும் கூரைகளும்

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த காலத்தில், ஒப்பீட்டுப் பொருளாதார அமைப்புகள் என்ற தாளில் அல்பேனியாவுக்கு நான் ஒதுக்கியது ஒரே ஒரு வகுப்புதான். 1976-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டத்திலேயே வெளிநாட்டுக் கடனுக்குத் தடை விதித்த நாடு; 1997-இல் மோசடி நிதி நிறுவனங்களால் நிலைகுலைந்த நாடு. இந்த இரண்டையும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு, அந்நாட்டின் தென்பகுதியில் உள்ள ஜிரோகாஸ்தர் என்னும் பழைய ஊரில் சில நாள்கள் தங்க வாய்த்தது. வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்பது அங்கேதான் புரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தது அக்டோபர் மாதம். முதல் நாள் இரவே பெருமழை. விடுதியாக மாற்றப்பட்டிருந்த ஒரு பழைய வீட்டின் மேல்தளத்தில் படுத்திருந்தேன். நள்ளிரவில் வீட்டுக்காரர் கையில் விளக்குடன் படியேறி வந்து, மூலை மூலையாகக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் விசாரித்தபோது, மழைக்காலம் முழுவதும் அது தனக்கு வழக்கம் என்றார். அந்த ஊரின் வரலாற்றைப் படிக்க அவர் பார்த்த கூரையே சரியான தொடக்கப் புள்ளி என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் கூரை ஓட்டால் ஆனதன்று, கல்லால் ஆனது. ஜிரோகாஸ்தரில் சுவர் கல், தெரு கல், கூரையும் கல். மெல்லிய பாளங்களாகப் பிளக்கும் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல்லை, கனத்த மரச் சட்டங்களின் மேல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு, சாந்து பூசாமல் அடுக்கியிருக்கிறார்கள். கோட்டை மேட்டிலிருந்து பார்த்தால், சரிவு முழுவதும் மலையின் செதில்களைப் போல அந்தக் கூரைகள் தெரிகின்றன. சரிவு மிகச் செங்குத்தானது என்பதால், ஒரு தெருவில் நடப்பவரின் கால் மட்டத்தில் அடுத்த தெருவிலுள்ள வீட்டின் கூரை இருக்கும்.

ஊரின் மேற்கே மாலி இ ஜேர மலைத்தொடர் நிற்கிறது. 'அகன்ற மலை' என்பது அப்பெயரின் பொருள். எதிர்ப்புறம் லுன்ஜரி மலைகள். இடையில் திரினோ ஆறு அகன்ற பள்ளத்தாக்கில் வடமேற்காக ஓடி, தெப்பலேனா என்னும் ஊருக்கு அருகே வியோசா ஆற்றில் கலக்கிறது. பள்ளத்தாக்கின் தென்கோடியில், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் கிரேக்க எல்லை. இந்த எல்லையின் அண்மை இவ்வூரின் கதையில் மீண்டும் மீண்டும் வரும்.

மலை முழுவதும் சுண்ணாம்புப் பாறை. கூரைக்கான கல்லைத் தாராளமாகத் தந்த அதே மலை, தண்ணீரைத் தர மறுத்தது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இங்கே கொட்டித் தீர்க்கும் மழையை, பாறையின் வெடிப்புகளும் குகைகளும் விழுங்கிவிடுகின்றன. விழுங்கப்பட்ட நீர் மலைக்கு அப்பால், கடற்கரையை நோக்கிச் செல்லும் பாதையில், 'நீலக்கண்' என்று அழைக்கப்படும் ஊற்றாகப் பீறிட்டு எழுவதைப் பார்த்தேன். நீர்மூழ்கி வீரர்கள் 50 மீட்டர் ஆழம் வரை இறங்கியும் அதன் அடியைக் கண்டதில்லை. மழை மிகுந்த ஊர், ஆனால் வீட்டு வாசலில் நீர் இல்லை. இந்த முரணுக்கு முன்னோர் கண்ட விடை, வீட்டின் அடித்தளத்திலேயே பெரிய தொட்டி கட்டி, கூரையில் விழும் மழையை அதில் இறக்கிச் சேமிப்பது. ஆகவே, கூரை என்பது அங்கே நிழல் மட்டுமன்று; அது குடும்பத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியும்கூட.

இந்தப் பள்ளத்தாக்கில் மனிதர்கள் எப்போதும் ஒரே இடத்தில் குடியிருக்கவில்லை. எதிர்மலையின் மேட்டில் அந்திகோனியா என்ற நகரின் இடிபாடுகள் கிடக்கின்றன. பேரிழப்போடு பெற்ற வெற்றிக்குத் தன் பெயரையே கொடுத்துச் சென்ற எபிரஸ் மன்னர் பிர்ரஸ், கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, தன் மனைவியின் பெயரால் நிறுவிய நகரம் அது. கி.மு. 167-இல் ரோமானியப் படை எபிரஸ் நாட்டின் எழுபது ஊர்களைச் சூறையாடி, ஒன்றரை லட்சம் பேரை அடிமைகளாக இழுத்துச் சென்றபோது அந்திகோனியாவும் எரிந்தது. பிறகு ரோமானியர்களின் அமைதிக் காலத்தில் சமவெளியில், பேரரசர் ஹேட்ரியனின் பெயரால் ஹேட்ரியனோபோலிஸ் எழுந்தது. அதன் அரங்கத்தின் படிக்கட்டுகள் இன்றும் வயல்களுக்கு நடுவே இருக்கின்றன. பேரரசின் பாதுகாப்பு தளர்ந்த பின்னர் மக்கள் மீண்டும் மேடு தேடினர். அமைதி நிலவும்போது சமவெளிக்கு இறங்குவதும், அச்சம் சூழும்போது குன்றேறுவதும் இந்தப் பள்ளத்தாக்கின் வழக்கமாக இருந்திருக்கிறது.

ஜிரோகாஸ்தரின் பெயர் எழுத்தில் முதன்முதலாகத் தென்படுவது 1336-இல்; பைசாந்தியப் பேரரசராகவும் வரலாற்றாசிரியராகவும் இருந்த ஆறாம் ஜான் கண்டகூசினோஸின் குறிப்பில். கிரேக்கர்கள் இவ்வூரை 'வெள்ளிக் கோட்டை' எனப் பொருள்படும் ஆர்கிரோகாஸ்ட்ரோ என்று அழைத்தனர். ஊர் மக்கள் சொல்லும் கதை வேறு. ஒட்டோமான் படையிடம் பிடிபடுவதைத் தவிர்க்க, கைக்குழந்தையுடன் கோட்டை மதிலிலிருந்து குதித்த ஆர்ஜிரோ என்ற இளவரசியின் பெயரே ஊருக்கு வந்தது என்பார்கள். ஒட்டோமான் படை வந்தது 1418 வாக்கில். பெயரோ அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. கதை வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. ஆனாலும் தங்கள் ஊரைப் பற்றி மக்கள் எதை நினைவில் வைக்க விரும்பினார்கள் என்பதற்கு அது சான்று.

ஒட்டோமான் ஆட்சியில் ஊர் வளர்ந்த வேகத்தை எண்ணிக்கைகளே சொல்லும். 1431-32 வரிப் பதிவேட்டில் 163 குடும்பங்கள். 1670-இல் வந்த துருக்கியப் பயணி எவ்லியா செலெபி, ஏறத்தாழ 2,000 வீடுகள், எட்டு மசூதிகள், மூன்று தேவாலயங்கள், 280 கடைகள் என்று எழுதி வைத்திருக்கிறார். சுரங்கமோ துறைமுகமோ இல்லாத மலைச்சரிவில் இவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது? பள்ளத்தாக்கின் வளமான நிலங்கள் ஊரிலிருந்த பெருநிலக்கிழார்களுக்குச் சொந்தம். கிராமங்களின் விளைச்சலில் ஒரு பங்கு ஆண்டுதோறும் மேலேறி வந்தது. இக்குடும்பங்களின் பிள்ளைகள் பேரரசின் நிர்வாகத்திலும் படையிலும் பதவி பெற்றனர். நிலவாடகையும் அரசுச் சம்பளமும் சேர்ந்து கட்டியவையே இந்தக் கோபுர வீடுகள்.

'குல்லா' எனப்படும் அவ்வீடுகள் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எழுந்தவை. அலி பாஷாவின் நிர்வாகத்தில் உயர் பதவி வகித்த ஒருவருக்காக 1811-12-இல் கட்டப்பட்ட சேகாத்தே இல்லம் அவற்றுள் பெயர் பெற்றது. கீழ்த்தளத்தில் தானியக் களஞ்சியமும் நீர்த்தொட்டியும். சாளரங்களுக்குப் பதிலாகத் துப்பாக்கி நீட்டும் துளைகள். நடுத்தளம் குளிர்காலத்துக்கு, மேல்தளம் கோடைக்கு. செதுக்கு வேலைப்பாடு மிக்க மரக்கூரையுடன் விருந்தினர் அறை. ஆண்கள் அமர்ந்து பேசுவதை வீட்டுப் பெண்கள் மரத்தடுப்புக்குப் பின்னால் இருந்து பார்க்க ஒரு சிறு மாடம். கீழே கோட்டை, மேலே மாளிகை. வெளியிலிருந்து வரும் பகைவரைவிட, எதிர்த்த வீட்டுக்காரரிடம் எச்சரிக்கையாக இருந்த ஒரு சமூகத்தின் கட்டடக் கலை இது.

அலி பாஷா 1811-இல் ஊரைக் கைப்பற்றிக் கோட்டையை விரிவாக்கினார். கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுவர, மலையிலிருந்து நீண்டதொரு மேல்கால்வாயையும் கட்டினார். 1932-இல் அது இடிக்கப்பட்டது. மலையிடுக்கில் ஒரேயொரு பாலம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதே காலத்தில் மன்னர் ஸோக் கோட்டையின் சிறையைப் பெரிதாக்கினார். தண்ணீருக்கான கட்டுமானம் போய்ச் சிறைக்கான கட்டுமானம் வந்தது. பின்னர் வந்த ஆட்சிகளும் அச்சிறையை வீணாக விடவில்லை.

இருபதாம் நூற்றாண்டு இவ்வூருக்கு இரக்கம் காட்டவில்லை. 1912-இல் அல்பேனியா விடுதலை அறிவித்தது. 1914-இல் சில மாதங்கள், கிரேக்க ஆதரவு பெற்ற தன்னாட்சிக் குடியரசு ஒன்றின் தலைநகராக ஜிரோகாஸ்தர் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியர், கிரேக்கர், மீண்டும் இத்தாலியர், பிறகு ஜெர்மானியர் என்று கொடிகள் மாறின. அந்தப் போர்க்காலத்தைக் கண்ட சிறுவன் ஒருவன் வளர்ந்து, இவ்வூரை உலக இலக்கிய வரைபடத்தில் சேர்த்தான். 1936-இல் இங்கே பிறந்த இஸ்மாயில் காதரே, 2005-இல் முதலாவது மேன் புக்கர் சர்வதேசப் பரிசைப் பெற்று, 2024-இல் மறைந்தார். 1971-இல் வெளிவந்த அவருடைய 'கல்லில் ஒரு வரலாறு' நாவலின் நாயகன் இந்த ஊரே.

1908-இல் இதே ஊரில் பிறந்த இன்னொருவர் என்வர் ஹோஜா. 1944 முதல் 1985-இல் இறக்கும் வரை அல்பேனியாவை இரும்புப் பிடியில் வைத்திருந்தவர். மூன்றாவதாக ஒருவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவ்வூர்க் குடும்பத்தைச் சேர்ந்த முசினே கோகலாரி, தம் ஊரின் மூதாட்டிகள் பேசும் மொழியிலேயே கதைகளை எழுதி 1941-இல் நூலாக்கினார். அல்பேனிய மொழியில் நூல் வெளியிட்ட முதல் பெண் எழுத்தாளர் என்று போற்றப்படுகிறவர். 1946-இல் ஹோஜாவின் அரசு அவரைச் சிறையிலிட்டது. விடுதலைக்குப் பின்னும் வேற்றூர் ஒன்றில் கண்காணிப்பில் வைத்தது. 1983-இல் அங்கேயே அவர் இறந்தார். சர்வாதிகாரியையும், அவருடைய ஆட்சியில் எழுதிப் பிழைத்தவரையும், அவ்வாட்சியால் எழுத்தை இழந்தவரையும் ஒரே மலைச்சரிவு தந்திருக்கிறது.

ஹோஜாவின் ஆட்சி இவ்வூருக்குச் செய்ததை ஒரே சொல்லில் மதிப்பிட முடியாது. 1945-இன் நிலச் சீர்திருத்தம் பெருநிலக்கிழார்களின் வருவாயை ஒழித்தது. உழுதவருக்கு நிலம் கிடைத்தது நியாயமே. ஆனால், கோபுர வீடுகளைத் தாங்கி நின்ற பொருளாதார அடித்தளம் அன்றோடு போயிற்று. 1961-இல் அரசு ஜிரோகாஸ்தரை 'அருங்காட்சியக நகரம்' என்று அறிவித்து, பாதுகாப்புப் பணியை ஏற்றது. கல்தச்சர்களும் மரத்தச்சர்களும் அரசு ஊழியர்களாகக் கூரைகளைப் பராமரித்தனர். தலைவர் பிறந்த ஊர் என்ற சலுகையும் இதில் இருந்தது. அதே அரசு 1967-இல் மதத்தைத் தடை செய்தது. ஊரின் மசூதிகளில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. 1757-இல் கட்டப்பட்ட கடைத்தெரு மசூதி மட்டும் நினைவுச் சின்னம் என்பதால் தப்பியது. அதன் உயர்ந்த கூரையைப் பயன்படுத்தி, அங்கே சர்க்கஸ் கலைஞர்கள் ஊஞ்சல் பயிற்சி செய்தார்கள்.

யூகோஸ்லாவியாவுடன் 1948-இலும், சோவியத் ஒன்றியத்துடன் 1961-இலும், சீனாவுடன் 1978-இலும் உறவு முறிந்தது. நாடெங்கும் 1,70,000-க்கும் அதிகமான கான்கிரீட் பதுங்கு குழிகள் கட்டப்பட்டன. ஜிரோகாஸ்தர் கோட்டைக்கு அடியிலும் அணுப்போருக்கு அஞ்சி ஒரு சுரங்கம் குடையப்பட்டது. தரைக்கு மேலே ரொட்டிக்கு வரிசை. தரைக்குக் கீழே கான்கிரீட். வராத போருக்கு ஓர் ஏழை நாடு செலுத்திய காப்பீட்டுக் கட்டணம் என்று அதை வகுப்பில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

1991-இல் ஹோஜாவின் சிலை அவர் பிறந்த ஊரிலேயே வீழ்த்தப்பட்டது. எல்லை திறந்தது. 30 கிலோமீட்டரில் கிரேக்கம். இளைஞர்கள் நடந்தே போனார்கள். அவர்கள் அனுப்பிய பணமும் உள்ளூர்ச் சேமிப்பும் போய்ச் சேர்ந்த இடம், 1990-களின் நடுவில் முளைத்த நிதி நிறுவனங்கள். புதிதாகச் சேர்பவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டியாகக் கொடுப்பதைத் தவிர அவற்றுள் பலவற்றுக்கு வேறு தொழில் கிடையாது. 1996 இறுதியில் ஒரு நிறுவனம், மூன்று மாதத்தில் பணத்தை மூன்று மடங்காக்குவதாகக் கூறியது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினர் இவற்றில் பணம் போட்டிருந்தனர். உச்சத்தில் இவற்றின் கடன் பொறுப்பு, நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி. 1997 ஜனவரியில் சரிவு தொடங்கியது. மார்ச்சில் ஜிரோகாஸ்தர் உள்ளிட்ட தென்பகுதி நகரங்கள் கிளர்ச்சியாளர்களின் கைக்குச் சென்றன. ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. நாடெங்கும் ஏறத்தாழ 2,000 பேர் உயிரிழந்தனர். இவ்வூரின் கடைத்தெருவும் தப்பவில்லை. காதரே பிறந்த வீடு 1990-களின் இறுதியில் தீக்கிரையாகி, பல ஆண்டுகளுக்குப் பிறகே மீட்டெடுக்கப்பட்டது.

இந்தச் சரிவைப் பேராசையின் விளைவு என்றே நான் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். அது முழு உண்மையன்று. அரை நூற்றாண்டு காலம் தனியார் நிதி நிறுவனம் எதையும் பார்த்தறியாத மக்கள் அவர்கள். நம்பத்தக்க வங்கிகள் போதிய அளவில் இல்லை. அரசும் உரிய நேரத்தில் எச்சரிக்கவில்லை. அந்நிலையில் தங்கள் சேமிப்பை வைக்க அவர்களுக்கு வேறு இடம் அரிதாகவே இருந்தது. ஒரு குடும்பம் இழந்த பணத்தில் வீட்டுக் கூரைக்கென்று ஒதுக்கியிருந்த தொகையும் இருந்திருக்கும் என்பதை, இடிந்து கிடந்த வீடுகளைக் கண்ட பிறகே நினைத்துப் பார்த்தேன்.

யுனெஸ்கோ 2005-இல் ஜிரோகாஸ்தரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2008-இல் 'ஆயிரம் சாளரங்களின் ஊர்' எனப்படும் பெராத்தும் இதனுடன் சேர்க்கப்பட்டது. 1968 முதல் கோட்டை வளாகத்தில் தேசிய நாட்டார் கலை விழா நடைபெற்று வருகிறது. அண்மை ஆண்டுகளில் கடைத்தெரு புதுப்பிக்கப்பட்டு, கருப்பும் வெள்ளையும் இளஞ்சிவப்புமான கற்கள் பாவிய தெருக்களில் பயணிகள் கூட்டம் பெருகியிருக்கிறது. ஆயினும், கடைத்தெருவிலிருந்து பத்து நிமிடம் மேலேறினால் கூரை சரிந்த வீடுகள். ஒரு வீட்டின் விருந்தினர் அறை இருந்த இடத்தில் அத்தி மரம் வளர்ந்து நிற்கிறது.

காரணம் எளியது. சாந்து இல்லாமல் அடுக்கிய கற்பாளம் காற்றிலும் பனியிலும் சற்றே நகரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கைதேர்ந்தவர் ஏறி அதைச் சரிப்படுத்த வேண்டும். செய்யாவிட்டால் இடைவெளி வழியே நீர் இறங்கி மரச் சட்டத்தை அரிக்கும். சட்டம் உளுத்ததும், எத்தனையோ டன் எடையுள்ள கூரை தன் பாரத்தாலேயே உள்ளே சரிந்து, சுவர்களையும் பிளந்துவிடும். ஆரம்பத்தில் ஒரு தச்சரின் சில நாள் கூலி. இறுதியில் யாராலும் தாங்க முடியாத செலவு.

ஏன் ஆரம்பத்திலேயே செய்வதில்லை? 1990-களில் வீடுகள் தனியார் உடைமையாகத் திரும்பியபோது, ஒரு வீட்டுக்குப் பல வாரிசுகள். ஒருவர் ஏதென்ஸில், ஒருவர் இத்தாலியில், ஒருவர் தலைநகர் திரானாவில். எல்லோரும் ஒப்பினால்தான் விற்கவோ செப்பனிடவோ முடியும். செலவழிப்பவர் ஒருவர், பங்கு பெறுவோர் பலர் என்றால் யாரும் செலவழிக்க முன்வருவதில்லை. இதோடு பாரம்பரியச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் வேறு. ஊரில் பட்டியலிடப்பட்ட கட்டடங்கள் 600-க்கும் மேல். பழைய கல்லையே பயன்படுத்த வேண்டும் என்பது சரிதான். ஆனால் அதற்கான கூடுதல் செலவு உரிமையாளருக்கு, அழகின் பயன் ஊருக்கும் நாட்டுக்கும். வீட்டைப் படமெடுக்கும் பயணி, எதிரிலுள்ள கடையில் காப்பி குடித்துவிட்டுப் போகிறார். கூரையின் கணக்கில் ஒரு காசும் சேர்வதில்லை. பொருளாதாரப் பாடநூல்கள் புறவிளைவு என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆகவே, நிலக்கிழாரின் வாடகை, பேரரசின் சம்பளம், பின்னர் ஒரு சர்வாதிகார அரசின் கருவூலம் என்று ஒவ்வொரு காலத்திலும் கூரைக்கு ஒரு கொடையாளர் இருந்தார். இன்று அந்த இடம் வெற்றிடம். நிலக்கிழாரின் காலமோ ஹோஜாவின் காலமோ திரும்பி வர வேண்டும் என்று எவரும் விரும்ப முடியாது. ஜனநாயகம் அதே பொறுப்பைத் தன் வழியில் ஏற்க வேண்டும். சுற்றுலா வருவாயின் ஒரு பங்கைக் கூரைப் பராமரிப்பு நிதியாக ஒதுக்கலாம். வாரிசுகள் அனைவரும் ஒப்பும்வரை காத்திராமல், ஒழுகும் இடத்தை நகராட்சியே அடைத்துவிட்டு, செலவை வீட்டின் மீது பற்றாக எழுதலாம். கல் அடுக்கும் கலையை இளைஞர்களுக்குக் கற்பித்து, அதற்கு நிலையான ஊதியம் வழங்கலாம். பெரிய மீட்புத் திட்டங்களுக்கு நாடா வெட்டும் விழா உண்டு. சிறு பராமரிப்புக்கு இல்லை. அதனால்தான் எங்கும் பராமரிப்பு பின்தங்குகிறது.

நம்பிக்கை தரும் முன்மாதிரி அப்பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. திரினோ சென்று கலக்கும் வியோசா ஆற்றில் அணைகள் கட்டும் திட்டங்கள் இருந்தன. அறிவியலாளர்களும் ஆற்றங்கரை மக்களும் பல ஆண்டுகள் போராடினர். 2023 மார்ச்சில் அல்பேனிய அரசு, வியோசாவையும் திரினோ உள்ளிட்ட அதன் கிளையாறுகளையும் தேசியப் பூங்காவாக அறிவித்தது. தடையின்றி ஓடும் ஐரோப்பாவின் கடைசிப் பெரிய ஆறுகளுள் ஒன்று இவ்வாறு காக்கப்பட்டிருக்கிறது. ஆற்றை வீணாகும் மின்சாரமாகப் பார்க்காமல் பொதுச் சொத்தாகப் பார்த்ததன் பலன் அது. அந்தப் பார்வை கூரைக்கும் வேண்டும்.

ஆனால், காலம் காத்திருக்காது. 1989-இல் ஏறக்குறைய 32 லட்சமாக இருந்த அல்பேனியாவின் மக்கள்தொகை, 2023 கணக்கெடுப்பில் 24 லட்சமாகக் குறைந்துவிட்டது. கூரையைப் பார்க்க நள்ளிரவில் எழுவதற்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். நான் தங்கிய வீட்டுக்காரரின் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஊரை விட்டுப் புறப்பட்ட காலையில் மழை ஓய்ந்திருந்தது. அவர் ஏணியில் நின்று, நகர்ந்திருந்த ஒரு கல்லைத் தன் கையாலேயே பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.